மரமீனும் தம்மெட்டமும்

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் பெருவீதியில் அமைந்த அக்குறணை, தமிழ் பேசும் முஸ்லிம்கள் மிகுதியாய் வாழும் ஊர்; சூழவுள்ள சிற்றூர்களிலோ சிங்களம் வழங்குகின்றது. இத்தகைய இருமொழிச் சூழலில் தவுல, தம்மெட்டம, உடெக்கி என்னும் பெயர்களைக் கேட்கும் தமிழர், தவிலையும் தம்பட்டத்தையும் உடுக்கையையும் நினையாதிருத்தல் அரிது. பெயர் ஒத்தலின் கருவியும் ஒன்றே என்றும், ஆகவே ஓரினத்தார் மற்றோரினத்தாரிடம் கடன்பட்டனர் என்றும் விரைந்து முடிவுகட்டுவார் உளர். அம்முடிவு ஆராயத்தக்கது.

சீனத்துப் பௌத்தப் பள்ளிகளில் சூத்திரம் ஓதுங்கால் தட்டப்பெறும் மரக்கருவி ஒன்றுண்டு. உள்ளே குடைந்து மீனுருவாய்ச் செதுக்கப்பெற்றது. மீன் கண் இமையாதது. துறவியும் அவ்வாறே விழித்திருத்தல் வேண்டும் என்பது கருத்து. சீனர் இதனை 'மூயூ' என்பர்; மரமீன் என்பது பொருள். யப்பானியர் அவ்விரண்டு எழுத்துக்களையே எழுதி 'மொகுக்யோ' என்று ஒலிப்பர். சீனத் துறவியாகிய இங்கென் 1661இல் ஊஜி நகரில் நிறுவிய மன்புக்கு-ஜியில் தொங்கும் நீண்ட மரமீனோ, ஓதலுக்கன்றி, பொழுதறிவித்தற்கு அடிக்கப்படுவது. கொரியாவில் நிலைமை வேறு. ஆங்குக் கையிலேந்தித் தட்டும் கருவிக்கு 'மொக்தக்' என்று பெயர். அச்சொல்லுக்குரிய எழுத்துக்கள் பண்டைச் சீனத்தில் மரநாவுடைய உலோக மணியைக் குறித்தன. கொன்பியூசியசு அம்மணிக்கு ஒப்பிடப்பெற்றமை கற்றோர் அறிந்ததே. மணியின் பெயர் மரத்துக்கு ஏறிற்று. மீன் என்னும் பெயர் தொங்கும் பெருங்கருவிக்கே எஞ்சிற்று. வியத்நாமியரின் 'மோ' என்பதோ ஊர்காவலரும் அறைவோரும் தட்டும் மரக்கருவியையும் குறிக்கும்.

தோல், துளை, நரம்பு, கஞ்சம் எனக் கருவிகளைப் பகுத்த நம்மவர் வகையுள் இம்மரமீனுக்கு இடங்காண்டல் எளிதன்று. (நம் சப்ளாக்கட்டையும் அவ்விடர்ப்பாட்டினதே.)

இனிக் கண்டிக் கருவிகளை நோக்குவோம். உடெக்கியும் உடுக்கையும் பெயராலும் உருவாலும் உறவுடையன. இரண்டும் இடை சுருங்கியவை. ஐயத்திற்கு இடமில்லை. தம்மெட்டமவோ, இணைத்துக் கட்டிய இருசிறு முழவுகள்; இருகோல்களால் அடிக்கப்படுவது. நம் தம்பட்டம் ஒருமுகப் பறை. பெயர் அண்மையது, பொருள் சேய்மையது. தவுலவும் தவிலும் இருமுகப் பீப்பாயுருவின. ஒருபுறம் கோலும் மறுபுறம் கையும் பயிலும். ஆயினும் தவிற்கலைஞர் விரல்களில் கூடணிவர். தவுல வாசிப்போர் வெறுங்கையால் அறைவர். துருக்கியரும் தம் பெருமுரசைத் 'தவுல்' என்றழைத்தலை நோக்கின், இச்சொல்லை ஈரினத்தாருக்குள் மட்டும் அடக்கி வழக்காடுதல் பொருந்தாது.