பொழுது குறிக்கப்படாத கடல்: ஐவன் பீரிஸின் ஓவியங்கள் பற்றி ஒரு குறிப்பு

நோர்மண்டிக் கரையிற் பிறந்த பிரெஞ்சு ஓவியர் யூஜீன் பூடென் (1824–1898), வானத்தைப் பார்த்துத் தீட்டிய தமது குறிப்போவியங்களில் பருவம், நேரம், காற்று ஆகியவற்றையும் எழுதிவைக்கும் வழக்கமுடையவர். 1859ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியைப் பற்றி எழுதிய கவிஞர் போதலேயர் இதனை வியந்து குறிப்பிட்டார். பின்னர் மனப்பதிவுவாதம் எனப் பெயர்பெற்ற இயக்கத்தின் வித்து இச்சிறு வழக்கத்தினுள்ளே கிடந்தது எனலாம். கடலும் வானும் என்றும் ஒரு தன்மையனவல்ல. இந்நேரத்தில், இக்காற்றில் கண்ணுக்குப் புலனாவதே ஓவியனுக்குரியது என்பது அதன் உட்பொருள். இளைஞராயிருந்த மொனேயை வெட்டவெளியில் நின்று தீட்டத் தூண்டியவரும் பூடெனே. 1874இல் நிகழ்ந்த அவ்வியக்கத்தாரின் முதற் கண்காட்சியில் அவர் படங்களும் இடம்பெற்றன.

கடலையும் வானையும் வாழ்நாள் முழுதும் வரைந்த நம் நாட்டு ஓவியர் ஐவன் பீரிஸை (1921–1988) இவ்வளவுகோல் கொண்டு அளக்கப் புகுவோர் ஏமாற்றமடைவர். தெகிவளையிற் பிறந்த இவர், 1943இல் லயனல் வென்ற், ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தெரணியகல, ஹரி பீரிஸ் முதலியோருடன் சேர்ந்து '43 குழுவைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். 1946இல் அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்று இலண்டன் சென்று மீண்டார். 1953இல் மறுபடியும் சென்றவர் இறக்கும்வரை இங்கிலாந்திலேயே வாழ்ந்தார். அவர் குடியிருந்த சவுத்எண்ட், தேம்ஸ் நதி கடலோடு கலக்குமிடத்து ஊர். கண்ணெதிரே கடல் இருந்தது. ஆயினும் அவர் திரும்பத் திரும்ப வரைந்தது இளமையிற் கண்ட இலங்கைக் கரையையே.

வானும் நீரும் மணலும் கிடைப்பட்டைகளாக அமைய, ஒரு மரமும் அசையாது நிற்கும் சில மனிதரும்: இதுவே அவரது கடற்கரைப் படங்களிற் பெரும்பாலானவற்றின் அமைப்பு. அங்கே என்ன பொழுது, எத்திசைக் காற்று எனக் கேட்டால் விடையில்லை. பூடென் எழுதிவைத்தவை அனைத்தும் இங்கே அழிக்கப்பட்டுள்ளன. இதனைத் திறமைக்குறை என்று கொள்வது தவறு. பார்க்கும் கடலுக்குப் பொழுது உண்டு. நினைக்கும் கடலுக்கு இல்லை.

முற்போக்கு நோக்குடையோர் இதனைத் தப்பியோடல் என்பர். '43 குழுவினருட் பலர் ஆங்கிலங் கற்ற உயர்குழாத்தினர் என்பதும், கரைவலை இழுக்கும் கைகளின் பாரம் பீரிஸின் படங்களில் அரிதாகவே உணரப்படுகிறது என்பதும் மறுத்தற்கரியன. ஆனால் வெட்டவெளிக்கு வந்துவிட்டால் மட்டும் சமூக உண்மை கைகூடிவிடுமா? நேரந்தவறாது குறித்த பூடென்தான் துரூவில் கடற்கரையில் உல்லாசங்கொண்ட செல்வர் கூட்டத்தை ஆண்டுக்கணக்கில் வரைந்தவர். உழைக்கும் மக்களிடையே சிலகாலம் இருந்து திரும்பிய பின்னர், 1867இல் எழுதிய கடிதமொன்றில், அக்கூட்டத்தைத் தீட்டுவதில் தமக்கேற்பட்ட வெட்கத்தை அவரே ஒப்புக்கொண்டார். பிற்பட்ட காலத்திலும் அவர் அதனை முற்றாகக் கைவிடவில்லை என்பது வேறு விடயம்.

பீரிஸின் தமையனார் லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் 1956இல் 'ரேகாவ' திரைப்படத்தின் மூலம் சிங்களத் திரையைக் கலையகத்தினின்றும் வெளியே கொணர்ந்தார். பூடென் செய்தது போன்றதொரு செயல் அது. அதே ஆண்டுகளில் தம்பியார் அந்நிய மண்ணில், அறைக்குள்ளிருந்து வரைந்துகொண்டிருந்தார். ஒரே வீட்டிற் பிறந்த இருவரின் இவ்விரு வழிகளும் ஒப்பாய்வுக்குரியன.

தெமட்டகொடையிலிருந்து பார்ன்ஸ் பிளேஸில் உள்ள சபுமல் மன்றம் அதிக தூரமன்று. ஹரி பீரிஸின் இல்லமாயிருந்த அங்கே இக்குழுவினரின் ஓவியங்கள் காட்சிக்குண்டு. 1983இன் பின் கடல்கடந்து சென்ற தமிழர், தாம் விட்டுச்சென்ற கரைகளைப் பற்றி ஏராளமாக எழுதியுள்ளனர். அவ்வெழுத்துக்களை மதிப்பிடுவோர் பீரிஸை அறியாதிருப்பது பெருங்குறை. அவரிலும் எல்லாம் ஒரு தரத்தனவல்ல. நினைவு உறைந்து வெறும் அலங்காரமாகிவிட்ட படங்களும் உண்டு. அவற்றில் மனிதரும் மரமும் இடம்மாறினாலும் வேறுபாடு தெரியாது. சிறந்தவற்றிலோ, கரையில் நிற்போர் எதற்காக நிற்கின்றனர் என்ற கேள்வியிலிருந்து நாம் விடுபட முடிவதில்லை.