உப்பிட்டவர் யார்? ‘கரிப்பு மணிகள்’ நாவலும் வீட்டுச் சமையலும்

ராஜம் கிருஷ்ணன் (1925–2014) எழுதிய ‘கரிப்பு மணிகள்’ 1979இல் வெளிவந்தது. தூத்துக்குடி உப்பளங்களில் கூலிக்கு உழைப்பவர்களின் வாழ்க்கையைச் சொல்லும் இந்நாவலைத் தொழிலாளர் நாவல், களஆய்வு நாவல், பெண்ணிய நாவல் என்று வகைப்படுத்திப் பேசுவது வழக்கம். இம்மூன்றும் பொருந்தும். ஆனால் அன்றாடம் அடுப்படியில் நிற்கும் ஒருவர் இதை வாசிக்கும்போது நான்காவதாக ஒன்றும் தெரிகிறது. உணவைப் பற்றிய தமிழ் நாவல்களில் இதுவும் முக்கியமானது. அப்படி ஒரு பட்டியலில் இந்நாவல் ஏன் சேர்வதில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

உண்பவராக வாசித்தல்

தமிழ்ப் புனைவில் உணவு என்றதும் நினைவுக்கு வருபவை சில உண்டு. தி. ஜானகிராமனின் தஞ்சாவூர்க் காப்பி, கி. ராஜநாராயணனின் கரிசல் காட்டுக் கம்மஞ்சோறு, நாஞ்சில் நாடனின் பந்தி வரிசை. இவற்றைப் பேசும்போது வாசகர்கள் ருசி, ஊர் நினைவு, விருந்தோம்பல் ஆகியவற்றையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். அந்த ரசனையில் பிழையில்லை. ஆனால் அங்கே வாசகர் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பரிமாறப்படுவதை உண்பவராகவே நாவலை வாசிக்கிறார்.

சமைப்பவர் வாசித்தால் வேறு கேள்விகள் எழும். விடியலுக்கு முன் எழுந்து அரைத்தது யார்? தண்ணீர் எங்கிருந்து வந்தது? கடைசியாக உண்டவருக்குச் சட்டியில் என்ன மிஞ்சியது? ‘கரிப்பு மணிகள்’ இந்தக் கேள்விகளை இன்னும் ஒரு படி பின்னால் கொண்டுபோகிறது. எல்லாக் குழம்பிலும் விழுந்து கரைந்து, கண்ணுக்குத் தெரியாமல் போகும் உப்பு எங்கிருந்து வந்தது என்று அது கேட்கிறது.

கதவைச் சாத்திக்கொண்டு உண்ட கீரை

இக்கேள்வியின் பழைய வடிவம் ஒன்று சிறுபாணாற்றுப்படையில் இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான இதை இயற்றியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். 269 அடிகள் கொண்ட இந்நூல் ஓய்மான் நல்லியக்கோடனைப் பாடுவது. இடைக்கழிநாடு மரக்காணத்துக்கு வடக்கே உள்ள கடலோரப் பகுதி. நூலில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணம் பகுதியோடு இணைத்துப் பார்க்கும் ஆய்வாளர்கள் உண்டு. கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டிய ஊர்.

இந்நூல் ஒருவகையில் உணவுப் பயணம். கடற்கரையில் சுட்ட மீன், வேலூரில் புளிச்சோறு, ஆமூரில் நண்டுக் கறியோடு வெண்சோறு என்று ஒவ்வொரு நிலத்துக்கும் ஓர் உணவு வருகிறது. கடைசியில் மன்னன் அளிக்கும் விருந்து, வீமன் செய்த சமையல் நூலின் முறை தவறாமல் ஆக்கப்பட்டது என்கிறார் புலவர்.

இந்த விருந்துகளை எல்லாம் வாசித்த பிறகும் மனத்தில் தங்குவது பாணனின் வீட்டு அடுக்களைதான். பசியால் வாடிய அவன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். புறம் பேசுவோர் கண்ணில் படக்கூடாது என்று வாசல் கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள். ‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்பது நம் பழமொழி. இங்கே குப்பையிலிருந்து வந்த கீரை உப்பில்லாமலே உணவாகிவிட்டது.

கீரை கடையும் எவருக்கும் இந்த இடம் சுருக்கென்று தைக்கும். கீரைக்கு எண்ணெய் இல்லாமல் சமாளிக்கலாம், பருப்பு இல்லாமலும் சமாளிக்கலாம், உப்பு இல்லாமல் முடியாது. மிக எளிய பொருளே இல்லை என்று காட்டுவதன் மூலம் வறுமையின் அடிமட்டத்தைப் புலவர் காட்டிவிடுகிறார். சாத்திய கதவு அவமானத்தைக் காட்டுகிறது.

இதே நூலில் உப்பு வேறோரிடத்திலும் வருகிறது. பாண்டியனின் கொற்கையைச் சொல்லும்போது உமணர்களின் உப்பு வண்டிகளும் அவர்களோடு வந்த மந்தியும் குழந்தைகளும் காட்சிப்படுகின்றன. கொற்கை இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது, அதாவது ராஜம் கிருஷ்ணன் நாவலின் கரை. நூலின் அந்தக் காட்சியில் உப்பை ஏற்றிச் செல்பவர்கள் இருக்கிறார்கள். அதைப் பாத்தியில் வாரியவர்கள் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் ‘கரிப்பு மணிகள்’ தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றும்.

தலைப்பில் உள்ள சொல்

உப்பைப் பற்றி எழுதியும் ராஜம் கிருஷ்ணன் தலைப்பில் ‘உப்பு’ என்ற சொல்லை வைக்கவில்லை. ‘கரிப்பு’ என்கிறார். வீட்டில் அந்தச் சொல்லை எப்போது சொல்கிறோம்? குழம்பில் உப்பு கூடிப்போனால், “கரிக்கிறது” என்கிறோம். அளவாக இருந்தால் உப்பைப் பற்றிப் பேச்சே வராது. சாப்பிடுபவருக்கு உப்பு தெரியாமல் இருப்பதே நல்ல சமையல்.

அளத்தில் நிற்பவருக்கு அந்த அளவு கிடையாது. அங்கே உப்பு காலடியில் இருக்கிறது, காற்றில் இருக்கிறது, வெயிலில் கண்ணைக் கூசவைக்கிறது, காலின் வெடிப்புகளில் இறங்குகிறது. உணவில் ஒரு சிட்டிகையாக ருசி தருவது அங்கே உடம்பு முழுவதும் கரிப்பாகிறது. நாவலின் கருத்தைத் தலைப்பே சொல்லிவிடுகிறது.

பாத்தியும் உலையும்

பொன்னாச்சியும் அவள் தம்பி பச்சையும் உப்பள வேலைக்கு வருவதைச் சுற்றி நாவல் விரிகிறது. கங்காணி, ஒப்பந்தக்காரர், கூலிப் பிடித்தம், பெண்கள்மேல் நடக்கும் அத்துமீறல், பிறகு உரிமை கேட்கும் குரல் என்று கதை நகர்கிறது. போராட்டப் பகுதிகளே அதிகம் பேசப்பட்டுள்ளன.

சமைப்பவர் கண்ணில் படுவது வேலை முடிந்த பிறகு தொடங்கும் வேலை. பகல் முழுவதும் பாத்தியில் நின்ற பெண் வீடு திரும்பியதும் உலை வைத்தாக வேண்டும். அரிசி அன்றைய கூலியைப் பொறுத்தது. சுற்றிலும் நீர் இருந்தும் குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணீரைத் தேட வேண்டும். ஆணுக்கு அளத்தோடு வேலை முடிகிறது, பெண்ணுக்கு அது அடுப்புக்குத் தொடர்கிறது. இரண்டுக்கும் நடுவே அவள் உட்காரும் நேரம் எவ்வளவு என்று எண்ணியபடி நாவலை வாசித்தால் அதன் வேகமே வேறாகத் தெரியும்.

‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்கிறோம். உப்பிட்டவர் என்று நாம் நினைப்பது இலையில் பரிமாறியவரை, விருந்து வைத்தவரை, வேலை கொடுத்த முதலாளியை. நன்றி அவர்களுக்கே போய்ச் சேர்கிறது. நாவலை வாசித்து முடித்தபின் அந்தப் பழமொழியின் எழுவாய் மாறிவிடுகிறது. உப்பு இட்டவள் பொன்னாச்சி. அவளை நினைப்பதற்கு நம் பழக்கத்தில் ஒரு சொல்லும் இல்லை.

மரக்காணமும் ஆரோவிலும்

தூத்துக்குடியைப் பற்றிய நாவல் என்று இதை அங்கேயே விட்டுவிடவும் முடியாது. புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், ஆரோவிலைக் கடந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் மரக்காணம் உப்பளங்கள் வந்துவிடும். கழுவேலி நீர்ப்பரப்பை ஒட்டிப் பாத்திகள் விரிந்திருக்கின்றன. கோடையில் வரப்பு மேட்டில் வெண்குவியல்கள், வடகிழக்குப் பருவமழையில் வெறும் தண்ணீர்.

உப்பு விளைவது எளிய வேலை என்று சாலையிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். ஒரு லிட்டர் கடல்நீரில் எல்லா உப்புகளும் சேர்ந்து சுமார் 35 கிராம்தான். ஒரு கிலோ உப்புக்கு 30 லிட்டருக்கும் மேற்பட்ட கடல்நீர் வற்ற வேண்டும். நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி அடர்த்தி ஏற்றுகிறார்கள். உப்பு படிந்ததும் எஞ்சிய நீரை உரிய நேரத்தில் வடித்துவிட வேண்டும். விட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசப்பு ஏறும். பதம் பார்த்து இறக்கும் இந்த அறிவு பாகு காய்ச்சுபவரின் அறிவைப் போன்றது. அதனால்தான் நாவலில் வரும் தொழில் விவரங்கள் சமைப்பவருக்குச் சலிப்பதில்லை.

ஆரோவில் 1968 பிப்ரவரி 28இல் தொடங்கப்பட்டது. அங்குள்ள சோலார் கிச்சன் என்னும் பொதுச் சமையலறையின் மேற்கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள கிண்ண வடிவக் கண்ணாடி அமைப்பு இருக்கிறது. அது வெயிலைக் குவித்து நீராவியாக்கிச் சமையலுக்குக் கொடுக்கிறது. அதே கரையில் அதே வெயில்தான் மரக்காணத்தில் உப்பை விளைவிக்கிறது. ஒன்றில் வெயில் மனிதருக்காக வேலை செய்கிறது, மனிதர் நிழலில் நிற்கலாம். இன்னொன்றில் வெயிலோடு மனிதரும் நின்றாக வேண்டும். கிச்சனைக் குறை சொல்ல இதைக் குறிப்பிடவில்லை. அங்கும், புதுச்சேரியிலும், நம் வீட்டிலும் வேகும் சோற்றுக்கு உப்பு வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அந்தக் கணக்கில் மாதம் 600 கிராம். மளிகைச் சீட்டில் விலை பார்க்காமல் வாங்கும் ஒரே பொருள் அநேகமாக இதுதான். விலை குறைவு என்பதாலேயே அதன் பின்னால் உள்ள உழைப்பு நம் யோசனைக்கு வருவதில்லை.

ஆவணமா, நாவலா?

ராஜம் கிருஷ்ணனின் நாவல்கள் ஆவணத்தன்மை மிக்கவை, கலைத்தன்மை குறைந்தவை என்ற விமர்சனம் உண்டு. படகர் வாழ்க்கையைச் சொல்லும் ‘குறிஞ்சித்தேன்’, மீனவர்களைப் பற்றிய ‘அலைவாய்க் கரையில்’ போன்றவையும் நேரில் சென்று தங்கி, பழகி எழுதப்பட்டவையே. ‘கரிப்பு மணிக’ளில் இந்த விமர்சனம் பொருந்தும் இடங்கள் இருக்கின்றன. பிற்பகுதியில் சில பாத்திரங்கள் ஒருவரோடொருவர் பேசாமல் வாசகருக்கு விளக்கம் சொல்கிறார்கள். நல்லவர், கெட்டவர் என்ற கோடும் சில இடங்களில் தேவைக்கு மேல் தடித்திருக்கிறது.

ஆனால் விவரம் மிகுந்திருப்பதையே குறையாகச் சொல்வதை ஏற்க முடியவில்லை. காப்பி டிகாக்‌ஷன் எப்படி இறங்கியது என்று ஒரு நாவல் சொன்னால் அதை நுட்பம் என்கிறோம். உப்பு எப்படி விளைந்தது என்று இன்னொரு நாவல் சொன்னால் அதைத் தகவல் என்கிறோம். முதலாவது நாம் உண்பது, இரண்டாவது பிறர் உழைப்பது. ரசனை என்று நாம் நம்பும் அளவுகோலுக்குள் நாம் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்பதும் கலந்திருக்கிறது. இந்நாவலை வாசிக்கும் மாணவர்கள் இதை எழுதும் முன் ஒருமுறை யோசிக்கலாம்.

இன்றைய வாசிப்பு

ராஜம் கிருஷ்ணனின் நூல்கள் 2009இல், அவர் வாழ்ந்த காலத்திலேயே, நாட்டுடைமையாக்கப்பட்டன. அதனால் இந்நாவலை இன்று இணையத்தில் எவரும் கட்டணமின்றி வாசிக்கலாம். மழைக்காலத்தில் வேலையிழக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ரூ. 5,000 நிவாரணம் வழங்கும் திட்டத்தை அண்மை ஆண்டுகளில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்துள்ளது. நாவல் வெளிவந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நிவாரணம் தேவைப்படுகிறது என்பதே நாவலின் இன்றைய இடத்தைச் சொல்லும்.

சிறுபாணாற்றுப்படையின் பாணன் மனைவி உப்பில்லை என்று கதவைச் சாத்தினாள். பொன்னாச்சியின் வீட்டில் உப்புக்குக் குறையில்லை, அதைப் போடுவதற்குச் சோறுதான் குறைவு. வறுமைக்கு இந்த இரண்டு முகங்களும் உண்டு என்பதை இரு நூல்களையும் சேர்த்து வாசிக்கும்போது அறிகிறோம். ருசிக்காக மட்டும் நாவல் வாசிக்கும் பழக்கத்தை ‘கரிப்பு மணிகள்’ கொஞ்சம் கலைத்துவிடும். அந்தக் கலக்கத்துக்காகவே உணவு இலக்கியத்தின் வரிசையில் இதற்கு இடம் தர வேண்டும்.