பெயர் மறைந்தும் முகம் மறையாமை: ‘ஏழை படும் பாடு’ புதினமும் திரைப்படமும்

முன்னுரை

புதினம் ஒன்று திரைப்படமாக மாறுங்கால், எவை விடப்பட்டன, எவை சேர்க்கப்பட்டன எனப் பட்டியலிட்டு, அப்பட்டியலைக் கொண்டே திரைப்படத்தின் தகுதியைத் துணிதல் நம் ஆய்வேடுகளிற் பெருவழக்காய் உள்ளது. விக்தோர் உய்கோ 1862இல் வெளியிட்ட ‘லே மிசெராபிள்’ போன்ற பெருநூலுக்கு இம்முறை பொருந்துமாறில்லை. ஐந்து பாகங்களும் 48 பகுதிகளும் 365 இயல்களும் கொண்ட அந்நூலை எத்திரைப்படமும் சுருக்கியே தீரும். சுருக்கமே குற்றமெனின், அதனைத் தழுவிய படங்கள் அனைத்தும் ஒருங்கே குற்றமுடையன ஆகும். அவற்றுள் உயர்வு தாழ்வு காண வழி இராது. ஆகலின் வேறொரு வினாவை எழுப்புதல் வேண்டும். தன்னை மறைத்து வாழும் ஒருவனது கதையில், அம்மறைபொருளை அறிந்தார் யாவர், அறியாதார் யாவர் என்பதே அவ்வினா. இதனை அளவுகோலாகக் கொண்டு நாம் ஈண்டு ஆராயப் புகுவாம்.

நூல் தமிழுக்கு வந்த வழி

இந்நூலைத் தமிழில் ‘ஏழை படும் பாடு’ எனத் தந்தவர் கவியோகி சுத்தானந்த பாரதியார். அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் புதுச்சேரியில் உறைந்தவர். மறைந்த பிறப்பையே பொருளாகக் கொண்ட உய்கோவின் மற்றொரு புதினத்தையும் ‘இளிச்சவாயன்’ எனப் பெயர்த்தவர். அவர் வாழ்ந்த ஊர் இக்கதைக்கு அயலானதன்று. வ. வே. சு. ஐயர் 1910இல் வேற்றுருக் கொண்டு வந்து புகலடைந்த ஊர் இது. மேலும், 1881ஆம் ஆண்டின் ஆணைப்படி, தமக்குரிய வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றோர் புதிய குடிப்பெயர் பூண்டு பதிவேட்டில் ஏறியதும் இங்கேதான். பெயர் என்பது அழைத்தற்குரிய ஒலி மட்டுமன்று. அரசின் முன் ஒருவனை இன்னான் என நிறுவும் சான்றும் ஆகும் என்பதை இவ்வூர் நன்கறியும். 19 ஆண்டு சிறையிருந்து, மஞ்சள் நிறக் கடவுச்சீட்டுடன் வெளிவரும் ழான் வால்ழானின் துயரமும் அதுவே. அவனுக்குக் கதவு அடைபடுவது வறுமையால் அன்று; சீட்டில் உள்ள பெயரால்.

புதினத்தில் மறைப்பு

உய்கோ கதைமாந்தரிடமிருந்து மட்டுமன்றிப் படிப்போரிடமிருந்தும் பெயரை மறைக்கின்றார். மத்லேன் என்னும் நகரத்தலைவர் வால்ழானே என்பதை அவர் உடனே கூறுவதில்லை. அவ்வுண்மையை வெளிப்படையாக உரைக்குமிடத்து, படிப்போர் இதனை முன்னரே உய்த்துணர்ந்திருப்பர் என்றும் குறிக்கின்றார். பின்னர், காட்டு வழியில் நீர் சுமக்கும் சிறுமி கோசேத்துக்கு உதவுபவன் பெயரற்ற ஒருவனாகவே தோன்றுகின்றான். லுக்சம்பூர் பூங்காவில் மாரியுஸ் காணும் முதியவரும் அவ்வாறே. ஒரே மனிதனை மீண்டும் மீண்டும் புதியவனாக எதிர்ப்படச் செய்து, ‘இவன் யார்?’ என்று நம்மையே வினவவைத்தல் இந்நூலின் உத்தியாகும். பெயரைக் கேளாமல் செயலைக் கண்டே ஒருவனை அறிக என்பது அவ்வுத்தியின் உட்பொருள். ஆகவே இம்மறைப்பு வெறும் கதைச்சுவை அன்று. நூலின் அறமே அதில் அடங்கியுள்ளது.

திரையில் முகம்

கோவைப் பட்சிராஜா நிறுவனத்தின் தயாரிப்பாக, கே. ராம்நாத் இயக்கத்தில் 1950இல் வெளிவந்தது ‘ஏழை படும் பாடு’ திரைப்படம். வால்ழான் அதில் கந்தன் ஆகின்றான், நடித்தவர் வி. நாகையா. எழுத்திற் பெயரை விடுத்தால் ஆள் மறைவான்; திரையிலோ முகம் ஒன்றே எல்லாவற்றையும் உரைத்துவிடும். நாகையாவின் முகத்தைக் கண்ட அளவிலேயே அவையோர் கந்தனை அறிவர். ‘இவன் யார்?’ என்னும் வினா அழிந்து, ‘இவன் எப்பொழுது அறியப்படுவான்?’ என்னும் வினா அவ்விடத்தில் எழுகின்றது.

இதனைத் திரைக்கலையின் குறை என்பாரும் உளர். அக்கூற்று முற்றும் பொருந்தாது. மறைந்து வாழ்ந்தோர் கதையை நம் மரபு என்றும் அறிந்த அவைக்கே கூறிவந்துள்ளது. நளவெண்பாவில் வாகுகன் நளனே என்பதைத் தமயந்தி அறியுமுன் நாம் அறிவோம். விராட நகரில் மடைத்தொழில் புரிபவன் வீமன் என்பதும் அவ்வாறே. அங்கே சுவை பிறப்பது ஐயத்தினின்று அன்று. அறிந்த நாமும் அறியாத மாந்தரும் ஒரே காட்சியைக் காணும் வேறுபாட்டினின்று ஆகும். கீசகன் மாய்ந்த செய்தியே வீமன் இருக்குமிடத்தைப் பகைவர்க்குக் காட்டிக்கொடுக்கின்றது. வண்டியின் அடியிற் சிக்கிய முதியவரை மீட்க வால்ழான் தோள் கொடுத்து அதனைத் தூக்குமிடமும் இத்தகையதே. தூலோன் சிறையில் ஒருவனுக்கே இவ்வலிமை கண்டேன் என்று ழவேர் கூறியதைக் கேட்ட பின்னரே அவன் தூக்குகின்றான். ஒருவனது அறச்செயலே அவன் மறைவைக் குலைப்பது ஈரிடத்தும் ஒக்கும்.

மெய்ப்பாடு

தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாட்டியல் இவ்விடத்து நமக்குப் பெருந்துணையாகும். அச்சம் பிறக்கும் நிலைக்களன்களுள் இறையும் ஒன்று. பெருமிதம் பிறப்பனவற்றுள் கொடையும் ஒன்று. வண்டியைத் தூக்குபவன் இறைக்கு அஞ்சுகின்றான். அதே நொடியில் தன்னையே கொடையாக அளிக்கின்றான். முரணிய இரு மெய்ப்பாடுகள் ஒருடலில் ஒருங்கே தோன்றுதலை எழுத்து ஒன்றன்பின் ஒன்றாகவே கூறவியலும். நடிகனது முகமோ ஒருசேரக் காட்டவல்லது. பெயரை மறைத்தலால் புதினம் பெற்ற பயனைத் திரைப்படம் இவ்வழியே ஈடுசெய்யலாம்.

ஈடு செய்யவியலாத இடமும் உண்டு. தன் பெயரால் வேறொருவன் தண்டனை பெற இருக்கும் இரவில், வால்ழான் தன்னுள்ளே நிகழ்த்தும் போராட்டம் அது. வாய் திறவாமையே அவ்விரவின் கொடுமை. மனச்சான்றைக் கண்ணாடியில் தோற்றுவித்துப் பேசவைக்கும் நம் திரைவழக்கு, அம்மறையைப் பேச்சாக்கி எளிதாக்கிவிடும். வேற்றுநாட்டார் மற்றொரு வழி கண்டனர். 1934இல் ஆரி போர், 1935இல் பிரெட்ரிக் மார்ச், 1958இல் ழான் கபேன் ஆகியோர் வால்ழானாகவும், அவனெனப் பிழையாகப் பிடிபட்டவனாகவும் தாமே நடித்தனர். குற்றக்கூண்டில் நிற்பது தன் முகமே என்று வால்ழான் காணும்பொழுது சொல்லுக்கு வேலையில்லை. முகத்தால் இழந்ததை முகத்தாலேயே மீட்கும் இவ்வுத்தி திரைக்கே உரியது.

பெயரின் எச்சம்

தமிழ்த் தலைப்பும் ஈண்டு நோக்கத்தக்கது. பிரெஞ்சுச் சொல் எளியோரையும் இழிந்தோரையும் ஒருங்கே சுட்டும். ‘ஏழை’ என்பது முன்னதையே கொண்டது. படம் காண வருவோர் வறியவனின் துயரை எதிர்நோக்கி வருவர். இழிந்தோன் எனச் சூடுண்டவனின் மறைவு அவர்க்கு இரண்டாவதாகப் படும். தலைப்பால் விளைந்த இச்சாய்வை, மாறாது பின்தொடரும் காவல் அதிகாரியின் பாத்திரமே நேர்செய்கின்றது. வால்ழான் கந்தனாகியும் ழவேர் ‘ஜாவர்’ என அயற்பெயருடனே நின்றான். அப்பாத்திரமேற்ற சீதாராமன் வாழ்நாள் முழுதும் ஜாவர் சீதாராமன் ஆனார். பிறர் மறைத்த பெயரைத் தேடியவனின் பெயர், நடித்தவரின் பெயர்மேல் ஏறி நிலைத்துவிட்டது.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால், புதினத்தின் நிகழ்ச்சிகளை எண்ணிப் பார்த்துத் திரைப்படத்தை அளத்தல் பயனின்று என்பது போதரும். மறைபொருள் புதினத்தில் எங்கு வைக்கப்பட்டது, திரையில் எங்கு இடம் மாறியது, அம்மாற்றத்தால் அறம் வளர்ந்ததா தேய்ந்ததா என ஆராய்தலே நெறி. அதற்கு வேண்டும் கருவிகள் மெய்ப்பாட்டியலிலும் நம் காப்பிய மரபிலும் உள. அவற்றை விடுத்துப் பட்டியலிடுவோமாயின், நாமும் சீட்டைப் பார்த்து ஆளைத் துணிந்த ழவேரின் பிழையையே செய்தோமாவோம்.