முடிவிலாற்றலும் சொன்னவண்ணம் செய்தலும்

இறைவனுடைய எண்குணங்களைச் சைவாகம வழிநின்று விளக்கும் பரிமேலழகர், 9ஆம் குறளுரையில் தன்வயத்தனாதலை முதலிலும் முடிவிலாற்றலுடைமையை ஏழாவதாகவும் வைப்பர். முடிவிலாற்றலாவது யாது? எதனையும் செய்ய வல்லனாதல் என்பது பொதுவிடை. தன்னால் தூக்கவொண்ணாக் கல்லை இறைவன் படைக்க வல்லனோ என்னும் மேலைநாட்டுப் புதிர் இவ்விடையினின்றே எழுவது. முரண்பாடுடையது செய்பொருளே ஆகாதென்னும் கருத்தால் 13ஆம் நூற்றாண்டினரான தாமஸ் அக்குவினாஸ் இத்தகைய தடைகளை விலக்கினார். தமிழ் மரபிலோ இவ்வினா கல்லைப் பற்றியன்றிச் சொல்லைப் பற்றி எழுகின்றது.

பூவிருந்தவல்லியை அடுத்த திருமழிசையில் தோன்றியவர் திருமழிசையாழ்வார். 96 வெண்பாக்களாலாய நான்முகன் திருவந்தாதியும் 120 பாக்களாலாய திருச்சந்தவிருத்தமும் அருளியவர். ஆழ்வாரைக்கொண்டு தன்னைப் பாடுவிக்குமாறு பல்லவ மன்னன் பணிக்க, அவர்தம் மாணவர் கணிகண்ணர் மறுத்தார், காஞ்சியினின்று கடியப்பட்டார். ஆழ்வாரும் உடன் புறப்பட்டார். அவர் சொற்படி, திருவெஃகாவிற் பள்ளிகொண்ட பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்சென்றார். ஓரிரவு ஓரிருக்கையில் தங்கிய அவர்கள், மன்னன் வருந்தி வேண்ட மீண்டனர் என்பது குருபரம்பரை வழங்கும் செய்தி.

இதுகொண்டு, புலவன் வாக்கு இறைவனையும் ஏவவல்லது எனக் கூறலாம். அங்ஙனமாயின், முடிவிலாற்றல் ஒரு பாட்டின்முன் முடிந்ததாகும். யாம் அதற்கு உடன்படேம். 'சொன்னவண்ணம் செய்த பெருமாள்' என்னும் திருப்பெயரில் 'செய்த' என்பதன் வினைமுதல் பெருமாளே. ஆழ்வார் சொல்லுதற்கு மட்டுமே வினைமுதல். ஏவலாளனும் சொன்னதைச் செய்வானன்றோ எனின், அவன் மறுப்பின் ஒறுக்கப்படுவான். பெருமாளை ஒறுப்பார் இலர். ஆதலின் அச்செயல் தன்வயத்ததேயாம்.

இனி மன்னனை நோக்குக. நாடு கடத்த வல்ல அவன், ஒரு பாட்டினைப் பெற வல்லனல்லன். அவனது ஆணை அச்சத்தை வேண்டி நிற்பது. அஞ்சாதார் முன் அது செல்லாது. பெருமாளோ அடியார் சொல்வழிச் சென்றும் ஆற்றலிற் குறைந்திலர். பணிதலால் குறையும் ஆற்றல் முடிவுடையது, குறையாததே முடிவிலது.

எண்குணப் பட்டியல் சைவாகமத்தது, இவ்வரலாறு வைணவத்தது. எனினும், பரத்துவத்தோடு சௌலப்பியத்தையும் ஒருங்கெண்ணிய வைணவ உரையாசிரியர் கொள்கையும், ஆற்றலுக்கு முன் பேரருளை வைத்த அவ்வாகம முறையும் இவ்விடத்து ஒத்துச் செல்கின்றன. ஆகவே, முடிவிலாற்றலுக்குத் தனித்துப் பொருள் கூறுவது பொருந்தாது. தன்வயத்தனாதலோடும் பேரருளுடைமையோடும் இயைத்தே அதனைக் கொள்ளல் வேண்டும் என்பது எம் துணிபு.