மீனை விடுங்கள், சோற்றைப் பாருங்கள்

சுஷி என்றாலே “பச்சை மீனையா தின்பது?” என்று முகம் சுளிக்கிறவர்களிடம் இனியும் பொறுமையாகப் பேச முடியாது. தலைமுறை தலைமுறையாகச் சோறு தின்றவர்கள், சோற்றை வைத்து மனிதர்கள் செய்த நுட்பமான பண்டங்களில் ஒன்றை மீன் பண்டம் என்று நினைத்து ஒதுக்குகிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸிலும் வான்கூவரிலும் சிங்கப்பூரிலும் சின்னச் சின்ன ஜப்பானிய மளிகைக் கடைகள் இருக்கின்றன. முன்னால் அரிசிப் பைகள், வினிகர் பாட்டில்கள், கடற்பாசிப் பொட்டலங்கள். ஓரத்தில் சில நாற்காலிகளோடு ஒரு சுஷி கவுன்ட்டர். அந்த ஊர்களில் வருடக்கணக்காக இருந்தும் அந்த வாசலை மிதிக்காதவர்கள் ஏராளம். உள்ளே போய் எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை என்பதுதான் தயக்கமென்றால், மீனை மறந்துவிட்டுச் சோற்றைப் பாருங்கள். அது பிடிபட்டுவிட்டால் அலமாரியும் கவுன்ட்டரும் வேறுவேறல்ல என்பது தானே விளங்கும்.

அரிச்சுவடியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கையால் பிடித்த சோற்றின் மேல் மீன் துண்டு வைத்தால் நிகிரி. நோரி எனும் கடற்பாசித் தாளில் சுருட்டினால் மாகி. சோறே இல்லாமல் வெறும் மீனை நறுக்கி வைத்தால் சஷிமி. அது சுஷியில் சேர்த்தியில்லை. நிகிரியைக் கையால் எடுத்துச் சாப்பிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கையால் சோறு பிசையத் தெரிந்தவர் குச்சியோடு மல்லுக்கட்டுவானேன்? சோயா சாஸில் மீன் பக்கத்தைத் தொட வேண்டும், சோற்றுப் பக்கம் தொட்டால் ஊறி உதிர்ந்துவிடும். இஞ்சி ஊறுகாய் ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வாயைத் துடைக்க. வசாபி என்று தட்டில் வரும் பச்சை விழுது பெரும்பாலும் ஹார்ஸ்ராடிஷ் வேரில் சாயம் கலந்தது, அதைப் பற்றி யாரும் கவிதை எழுத வேண்டாம். அவ்வளவுதான் பாடம்.

சோறுதான் முக்கியம் என்பது என் பிடிவாதம் என்று நினைப்பவர்கள் வரலாற்றைப் பார்க்கட்டும். ஜப்பானின் பீவா ஏரிப் பகுதியில் இன்றும் செய்யும் ஃபுனாசுஷியில் உப்பிட்ட மீனைச் சோற்றில் புதைத்து மாதக்கணக்கில் புளிக்க வைக்கிறார்கள். பழைய முறையில் சோற்றின் வேலை மீனைக் கெடாமல் காப்பது மட்டுமே. வேலை முடிந்ததும் வழித்து எறிந்துவிடுவார்கள். அவ்வளவு காலம் காத்திருக்க மனமில்லாத பின்தலைமுறைகள் அதே புளிப்பை வினிகராகச் சோற்றில் ஊற்றின, எறியப்பட்ட சோறு உணவாகிவிட்டது. 1804இல் ஹண்டா என்ற ஊரில் நாகானோ மாதாஸாஎமோன் சாக்கே எனும் அரிசி மதுவை வடித்த மண்டியிலிருந்து மலிவான வினிகர் தயாரிக்கத் தொடங்கினார். சில பத்தாண்டுகளுக்குள் எடோ நகரத்தில், இன்றைய டோக்கியோவில், ஹனாயா யோஹெய் போன்றவர்களால் நிகிரி பரவியபோது அந்த வினிகர்தான் அதற்குத் தோதாக அமைந்தது. நாகானோவின் நிறுவனம் மிட்ஸ்கான் என்ற பெயரில் இன்றும் உங்கள் கடை அலமாரியில் நிற்கிறது. அமெரிக்கக் கதையும் இதே மாதிரிதான். 1960களின் நடுவில் லாஸ் ஏஞ்சலிஸ் லிட்டில் டோக்கியோவின் கவாஃபுகு உணவகத்தில் சுஷி கவுன்ட்டர் வரக் காரணமானவர் நோரிதோஷி கனாய். அவர் சமையல்காரர் இல்லை. ஜப்பானிய மளிகையை இறக்குமதி செய்த மியூச்சுவல் டிரேடிங் நிறுவனத்துக்காரர். அலமாரிக்காரர்தான் கவுன்ட்டரைப் போட வைத்திருக்கிறார்.

இனி நான் உயிரைக் கொடுத்துச் சொல்ல நினைப்பது: இளஞ்சூட்டுச் சோறு, குளிர்ந்த சோறு என்ற வித்தியாசம். இதைச் சொல்லாமல் எழுதப்படும் சுஷி விமர்சனம் எதையும் நான் மதிப்பதில்லை. சுஷிச் சோறு உடம்புச் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வெந்த அரிசியின் மாவுச்சத்து ஆறும்போது இறுகத் தொடங்கும்; உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது பிரிட்ஜின் குளிரில், மிக வேகமாக இறுகும். இரவு மிஞ்சிய சோற்றைப் பிரிட்ஜில் வைத்து எடுத்த எவருக்கும் அந்த விறைப்பு தெரியும். வினிகரோடு கலக்கும் சர்க்கரை அதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், தடுக்காது. மீனோ இதற்கு நேர்மாறு, அதற்குக் குளிர் வேண்டும். ஆக நிகிரி என்பது ஒத்துவராத இரண்டைச் சில நிமிடங்களுக்கு மட்டும் சேர்த்து வைப்பது. மீன் குளிர்பெட்டியிலிருந்து வருகிறது, சோறு மூடிய தொட்டியிலிருந்து வருகிறது, இரண்டும் உங்கள் கண்ணெதிரே சேர்கின்றன. கவுன்ட்டர் இருப்பதே இதற்காகத்தான். வேடிக்கை காட்ட என்று நினைத்து செல்போனில் படம் எடுத்துக்கொண்டே ஐந்து நிமிடம் தட்டில் காயவிடுகிறவர்கள் எதற்குப் பணம் கொடுத்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. நல்ல கை பிடித்த சோறு விரலுக்கு நிற்கும், நாக்கில் பட்டதும் பருக்கை பருக்கையாகப் பிரியும். நம் பொன்னி இதற்கு ஆகாது, தானாகவே உதிரும். பசை கூடிய குட்டை ரக அரிசிதான் வேண்டும். அதனால்தான் அலமாரியில் கோஷிஹிகாரி, அகிதாகோமாச்சி என்று அரிசியின் பெயரை அத்தனை பெரிய எழுத்தில் போடுகிறார்கள்.

அப்படியானால் அதே கடையின் குளிர்பெட்டியில் பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கியிருக்கிறதே, அது சுஷி இல்லையா என்று கேட்பீர்கள். சுஷிதான், ஜப்பானிலும் சூப்பர் மார்க்கெட்டுகளில் விற்கிறார்கள். பசிக்கு வாங்குங்கள், அதைத் தின்றுவிட்டு எனக்குச் சுஷி பிடிக்காது என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். வைத்திருந்து தின்னவே பிறந்த சுஷிகள் வேறு இருக்கின்றன: தொயாமாவின் மாசுசுஷி, நாராவில் பெர்சிமன் மரத்தின் இலையில் பொதிந்தது. அவற்றில் மீனுக்கு உப்பும் வினிகரும் ஏற்றி, சோற்றை அழுத்திக் கட்டியிருப்பார்கள். இன்று பிடித்த நிகிரியை நாளைக்கு வைத்திருப்பது அந்தக் கணக்கில் வராது.

விமர்சகர்களுக்கு ஒரு வார்த்தை. “மீன் என்ன ஃப்ரெஷ்!” என்பதற்கு மேல் ஒரு வரி எழுதத் தெரியாதவர்கள் இந்தத் துறையில் பெருகிவிட்டார்கள். ஐஸ் இல்லாத எடோவில் மீனை உப்பில் போட்டார்கள், வினிகரில் நனைத்தார்கள், சோயா சாஸில் ஊறவைத்தார்கள், விலாங்கை வேகவைத்தார்கள். இன்றும் நல்ல சூரையைச் சில நாள் பதப்படுத்திவிட்டுத்தான் பரிமாறுகிறார்கள். சுஷிச் சமையல்காரர் ஜிரோ ஓனோவைப் பற்றி 2011இல் வந்த ஆவணப்படத்தைப் பார்த்தவர்கள் ஆக்டோபஸை அமுக்கிப் பிசைகிற காட்சியை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்; அதே படத்தில் அரிசி வியாபாரி பேசுவது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? வெண்ணெய்ப்பழம் வைத்த கலிபோர்னியா ரோலைப் பார்த்து மூக்கைச் சுளிப்பது இன்னொரு நாகரிகம். அதில் சோறு சரியாக இருந்தால் அது, ஆறிப்போன சோற்றில் வைத்த விலையுயர்ந்த சூரையைவிட மேல்.

பச்சை மீன் பற்றிய பயம் நியாயமானதுதான், பதிலும் இருக்கிறது. ஒட்டுண்ணிகளைக் கொல்ல மீனை மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைய வைப்பது அமெரிக்க உணவு விதி சொல்லும் வழிகளில் ஒன்று. பச்சையாகப் பரிமாறும் மீனில் பெரும்பகுதி உறைந்து வந்ததுதான். கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களும் தவிர்க்கட்டும். மற்றவர்கள் வெந்த இறால், முட்டை, வெள்ளரி மாகி என்று தொடங்கலாம், சோற்றை அறிய அதுவே போதும். சைவர்களுக்கு மட்டும் ரகசியமாக ஒன்று: டோஃபு பையில் சோறு அடைத்த இனாரி சைவம் போலத் தெரியும், ஆனால் அந்தப் பையைப் பெரும்பாலும் கட்சுவோபுஷி எனும் சூரைக் கருவாட்டின் சாற்றில் கொதிக்க வைத்திருப்பார்கள். இலங்கைச் சம்பலில் இடித்துப் போடும் மாசியும் அதே மீன்தான். மாசியை வெயிலில் முடிக்கிறார்கள், கட்சுவோபுஷியைப் புகையில் இறுக்கி, உயர்ந்த ரகத்துக்குப் பூஞ்சையும் ஏற்றுகிறார்கள். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

விலைக்கும் பயப்பட வேண்டாம். சமையல்காரரின் கையில் எல்லாவற்றையும் விட்டுவிடும் ஒமகாசேதான் பாக்கெட்டைக் காலி செய்யும், அதைச் சின்னக் கடையில் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். கடை திறந்து சோறு கலக்கிய கொஞ்ச நேரத்தில் போங்கள், வெள்ளரி மாகி ஒன்று கேளுங்கள், வாங்கிய கையோடு கடியுங்கள். நோரி மொறுமொறுவென்று உடைந்து உள்ளே சோறு இளஞ்சூடாக இருந்தால் அந்தக் கடையில் எதையும் நம்பி வாங்கலாம். எழுந்த பிறகு அரிசியில் அரைத்த தேதி பார்த்து ஒரு சின்னப் பை எடுங்கள். வினிகர் பாட்டிலில் ‘சுஷி வினிகர்’ என்று போட்டிருந்தால் சர்க்கரையும் உப்பும் முன்பே கலந்திருக்கும், வீட்டில் மறுபடி போட்டுவிடாதீர்கள்.