இடித்துரைத்தலும் நட்பும்: ட்ரூபோ, கொடார் பற்றிய ஒரு நோக்கு

பிரெஞ்சுத் திரைப்பட வரலாற்றிலே 'புதிய அலை' எனப் பெயர்பெற்ற இயக்கத்தைப் பற்றி எழுதுவோர், பிரான்சுவா ட்ரூபோ, ஜான்-லுக் கொடார் ஆகிய இருவரது நட்பையும், 1973ஆம் ஆண்டில் அது முறிந்தமையையும் தவறாது குறிப்பிடுவர். ஒருவர் கலையை நாடினார், மற்றவர் புரட்சியை நாடினார். ஆகவே பிரிந்தனர் என்பதே பொதுவாகக் கூறப்படும் விளக்கம். இவ்விளக்கம் பொய்யன்று, ஆயினும் போதுமானதன்று. அவர்களை இணைத்தது எதுவோ, அதுவே அவர்களைப் பிரித்தது எனக் கொள்ளுதல் பொருத்தமாகும்.

அவர்களது நட்பு விமர்சனத்தில் வேரூன்றியது. பாரிசின் திரைப்படக் கழகங்களிலும், ஹென்றி லாங்லுவா கட்டியெழுப்பிய திரைப்படக் காப்பகத்திலும் படம் பார்த்துப் பழகிய இளைஞர்கள் இவர்கள். றோமர், றிவெற், சாப்றோல் ஆகியோரும் இக்குழுவினரே. 1951இல் அந்திரே பசான் முதலியோர் தொடங்கிய 'காயே து சினிமா' என்னும் சஞ்சிகை இவர்களுக்குக் களமாயிற்று. அதன் 1954 ஜனவரி இதழில் ட்ரூபோ எழுதிய கட்டுரை, நாவல்களை மெருகூட்டித் திரைக்குக் கொணர்ந்த அன்றைய புகழ்பெற்ற திரைக்கதையாசிரியர்களைக் கடுமையாகச் சாடியது. ஒரு படம் பொய்யானது எனக் கண்டால் அதனை வெளிப்படையாகக் கூறுதலே இவர்களது பொது ஒழுக்கமாய் அமைந்தது.

அவ்வொழுக்கத்தின்மேல் எழுந்த நம்பிக்கையே கூட்டு முயற்சியாக மலர்ந்தது. 1958இல் ட்ரூபோ வெள்ளக்காட்சிகளிடையே படமாக்கிக் கைவிட்ட குறும்படமொன்றைக் கொடார் தொகுத்து, உரை எழுதி நிறைவுசெய்தார். 1959இல் '400 அடிகள்' கான் விழாவில் சிறந்த நெறியாள்கைக்கான பரிசை ட்ரூபோவுக்கு ஈட்டித் தந்தது. 1960இல் வெளிவந்த கொடாரின் 'மூச்சுத்திணறல்' ட்ரூபோ வழங்கிய கதையினடியாக உருவானது. ட்ரூபோ கண்டெடுத்த சிறுவன் ஜான்-பியர் லெயோ, பின்னர் கொடாரின் படங்களிலும் முதன்மைப் பாத்திரமேற்றான். 1968 பெப்ரவரியில் லாங்லுவா பதவி நீக்கப்பட்டபோதும், அவ்வாண்டு மே மாதத்திற் கான் விழா இடைநிறுத்தப்பட்டபோதும் இருவரும் ஓரணியிலேயே நின்றனர்.

1973இல் ட்ரூபோவின் 'அமெரிக்க இரவு' வெளியாயிற்று. படப்பிடிப்புக் குழுவொன்றின் வாழ்க்கையைச் சித்திரிக்கும் இப்படத்தைப் பார்த்த கொடார், ட்ரூபோவைப் பொய்யர் எனக் கடிதம் எழுதினார். அக்கடிதத்திலேயே தமது படத்துக்குப் பணமும் கேட்டார். ஏறத்தாழ 20 பக்கங்களில் ட்ரூபோ பதிலளித்தார். மக்களை நேசிப்பதாகக் கூறும் கொடார், அருகிலுள்ள தனிமனிதரை அவமதிப்பவர் என்பது அப்பதிலின் சாரம். அதன்பின் நட்பு மீளவேயில்லை.

கொடாரின் குற்றச்சாட்டு ஆராயத்தக்கது. பகலில் இரவைப் படமாக்கும் உத்தியின் பெயரையே படம் தலைப்பாகக் கொண்டுள்ளது. மெழுகுவர்த்தியினுள்ளே மறைந்த மின்விளக்கையும் செயற்கைப் பனியையும் அது ஒளிக்காமற் காட்டுகின்றது. கருவிகளின் பொய்யை இவ்வாறு ஒப்புக்கொள்ளும் படம், நெறியாளர் பாத்திரத்தை மட்டும் ஏனையோரின் ஆசைகளுக்கும் அற்பத்தனங்களுக்கும் அப்பால் நிறுத்துகின்றது. அப்பாத்திரத்தை ஏற்று நடித்தவரும் ட்ரூபோவே என்பது மனங்கொள்ளத்தக்கது. எனவே கொடார் எழுப்பிய கேள்வி நேர்மையானதே. முன்னர் இருவரும் பிறரது படங்களை நோக்கி எழுப்பிய கேள்வியும் அதுவே.

ஆயின் கொடார் காணத் தவறியதொன்றும் அப்படத்தில் உண்டு. நெறியாளர் புதிதாக வந்த நூற்பொதியை அவிழ்க்கும் காட்சியிலே, ஹிச்கொக், பிறெசோன், றொசெலினி முதலியோர் பற்றிய நூல்களிடையே கொடார் பற்றிய நூலும் இடம்பெறுகின்றது. தாம் போற்றும் ஆசான்களின் வரிசையில் நண்பரை வைத்து ட்ரூபோ செலுத்திய மரியாதை அது. படைப்பைக் கூர்ந்து நோக்குதலையே அறமாகக் கொண்ட ஒருவர், படைப்பினுள் தம்மை நோக்கி நீட்டப்பட்ட கையைப் பொருட்படுத்தவில்லை.

நண்பரை இடித்துரைத்தல் நட்பின் உரிமை. அவ்வுரிமை, குறையைக் காணும் கண்ணே நிறையையும் காணும்வரையிற்றான் செல்லுபடியாகும். ட்ரூபோ 1984இல், 52ஆவது வயதிற் காலமானார். 1988இல் அவரது கடிதங்கள் நூலாக வெளிவந்தபோது, தம்மைக் கண்டிக்கும் கடிதமும் அடங்கிய அந்நூலுக்கு முன்னுரை எழுதியவர் கொடார். காலந்தாழ்ந்தாயினும், நண்பரது எழுத்தை அவர் மீண்டும் முழுமையாக வாசித்தார் என்பதற்கு அதுவே சான்று.