தம்புள்ளையும் அஜந்தாவும்: குகைக்கோயிலுக்குப் போகும் முறை

பௌத்தக் குகைக்கோயில்கள் அமைப்பால் இரு வகை. இலங்கையில் உள்ளவை பெரும்பாலும் இயற்கையாக அமைந்த பாறைக் குகைகள். மழைநீர் உள்ளே வழியாதபடி நெற்றிப் பாறையில் ஒரு காடி வெட்டி, தரையைச் சமன் செய்து, முன்பக்கம் சுவர் எழுப்பித் துறவிகள் குடியேறிய இடங்கள். மகாராட்டிரத்தில் உள்ளவை மலைச்சரிவை உளியால் குடைந்தே உண்டாக்கப்பட்டவை. தூண், கூரை, தூபி, புத்தர் எல்லாமே ஒரே கல். இந்த வகையில் தமிழ்நாடு இலங்கையின் பக்கம் சேரும். மதுரையை அடுத்த மாங்குளத்திலும் ஈரோடு மாவட்டத்து அறச்சலூரிலும் இயற்கைக் குகையும் கற்படுக்கையும் தமிழ் பிராமி எழுத்தும் உண்டு. ஆனால் அவற்றில் தங்கியவர்கள் சமணர்கள். அதனால் திருப்பூர் வீரபாண்டியிலிருந்து பௌத்தக் குகைக்கோயில் காணப் புறப்படுபவர் வடக்கே அஜந்தா போன்ற இடங்களுக்கோ கடல் தாண்டித் தம்புள்ளைக்கோ போகவேண்டும்.

தம்புள்ளை இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில், சமவெளியிலிருந்து ஏறத்தாழ 160 மீட்டர் எழும் பாறையின் மேல் இருக்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து வந்த படையிடம் அநுராதபுரத்தை இழந்த வலகம்பா மன்னன் இங்கே ஒளிந்திருந்தான் என்றும், அரசு மீண்டபின் நன்றிக்கடனாகக் குகைகளைக் கோயிலாக்கினான் என்றும் மரபு சொல்கிறது. 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் நிசங்கமல்லன் சிலைகளுக்குப் பொன் பூசினான். இன்று காணும் ஓவியங்களில் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவற்றை வரையச் செய்த கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், மதுரையோடு கொள்வினை கொடுப்பினை வைத்திருந்த நாயக்கர் குடியில் பிறந்தவன். தமிழ்ப் படைக்கு அஞ்சிய மன்னனிடம் தொடங்கும் கோயில் கதை, தமிழகத்து வேர் உள்ள மன்னனின் கைவண்ணத்தில் வந்து நிற்கிறது. இரண்டாம் குகையில் தமிழ் மன்னன் எல்லாளனும் சிங்கள மன்னன் துட்டகைமுனுவும் யானை மேலிருந்து பொருதும் காட்சியும் தீட்டப்பட்டிருக்கிறது. வழிகாட்டிகள் கையில் இருக்கும் கதைகளில் தமிழ்ப் பயணி மிகக் கவனித்துக் கேட்கவேண்டிய கதை இதுதான். சொல்பவரின் சாய்வு அதில் தெரிந்துவிடும்.

ஐந்து குகைகள், 157 சிலைகள், ஏறத்தாழ 2,100 சதுர மீட்டர் ஓவியம் என்று யுனெஸ்கோ கணக்கிடுகிறது. முதல் குகையில் பாறையோடு பாறையாகச் செதுக்கிய சுமார் 14 மீட்டர் நீளப் படுத்த புத்தர்; பக்கத்திலேயே விஷ்ணு. இரண்டாவதான மகாராஜ குகைதான் பெரியது. அதன் கூரையைச் சற்று நின்று பார்க்கவேண்டும். பாறையின் மேடு பள்ளத்தைச் செதுக்கிச் சீராக்காமல் அதன்மேலேயே கட்டம் கட்டமாக ஓவியம் எழுதியிருப்பதால், கல் தெரியாமல், அச்சுத்துணிப் பந்தலைத் தொய்வாகக் கட்டிவிட்டது போலத் தோன்றுகிறது. கூரையின் ஒரு வெடிப்பிலிருந்து இடைவிடாமல் சொட்டும் நீரைப் பாத்திரம் வைத்துப் பிடித்துப் பூசைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். ஐந்தாம் குகை 1915இலும் குகைகளின் முன்னுள்ள வெள்ளைத் தாழ்வாரம் 1938இலும்தான் வந்தன. கோயில் இன்னும் வளர்ந்துகொண்டிருந்த இடம் என்பதற்கு அவையே சாட்சி.

அஜந்தாவின் வளர்ச்சி கி.பி. 5ஆம் நூற்றாண்டோடு நின்றுவிட்டது. வாகோரா ஆறு வளையும் பள்ளத்தாக்கில், குதிரை லாட வடிவில் 30 குகைகள். சில கி.மு. 2ஆம் நூற்றாண்டில் தொடங்கியவை. பெரும்பாலானவை வாகாடக மன்னன் ஹரிசேனன் காலத்தவை. அவன் மறைந்தபின் ஆதரவு போய், துறவிகளும் விலகி, காடு மூடியது. 1819 ஏப்ரலில் புலி வேட்டைக்கு வந்த சென்னை ராணுவ அதிகாரி ஜான் ஸ்மித்தின் கண்ணில் பட்டபோது, 10ஆம் குகையில் அவர் தம் பெயரையும் தேதியையும் கீறிவிட்டுப் போனார். இன்று அதே வேலையைச் செய்பவருக்குச் சிறைத் தண்டனை உண்டு.

இரண்டு ஊர்களிலும் பயணியின் நடத்தை வேறுபடுவதற்கு இந்த வரலாறே காரணம். இந்தியத் தொல்லியல் துறை ஓர் இடத்தைப் பாதுகாப்பில் எடுக்கும்போது அங்கே வழிபாடு நடந்துகொண்டிருந்தால் அது தொடரும். இல்லாவிட்டால் புதிதாகத் தொடங்க அனுமதி கிடைக்காது. அஜந்தாவில் விளக்கேற்றவும் பூ வைக்கவும் இடமில்லாமல் போனது இப்படித்தான். தம்புள்ளையில் உலக மரபுச் சின்னம் என்ற பட்டம் 1991இல் வந்தது. பூசை அதற்கு முன்பும் நடந்தது, பின்பும் நடக்கிறது. ஓரிடத்தில் வருபவர் பார்வையாளர். மற்றதில் பிறர் வழிபடும் கோயிலுக்கு வந்த விருந்தாளி.

செருப்பு ஒன்றே இதை விளக்கிவிடும். தம்புள்ளையில் மேலே கோயில் வாசலிலேயே செருப்பைக் காசு கொடுத்து ஒப்படைத்துவிட்டு, ஐந்து குகைகளையும் வெறுங்காலோடு சுற்றவேண்டும். நண்பகலில் முற்றத்துக் கல் பொரியும். காலை ஏழெட்டு மணிக்கு ஏறுபவருக்கு அந்தத் தொல்லை இல்லை. அஜந்தாவிலும் செருப்பைக் கழற்றத்தான் வேண்டும். ஆனால் 1, 2, 16, 17 போன்ற ஓவியக் குகைகளின் வாசலில் மட்டும். வெளியே வந்ததும் மாட்டிக்கொள்ளலாம். அங்கே அது பக்திக்காக அல்ல, தூசி எழுந்து ஓவியத்தில் படியாமல் இருப்பதற்காக. அதே அக்கறையில்தான் உள்ளே வெளிச்சத்தை மங்கலாக வைத்து, ஆட்களைத் தொகுதி தொகுதியாக விடுகிறார்கள். மூச்சுக்காற்றின் ஈரமே ஓவியத்துக்குப் பகை. முன்னர் ஹைதராபாத் நிஜாம் அரசு 1920களில் இத்தாலிய வல்லுநர்களை அழைத்துப் பூசிய வார்னிஷ் பின்னாளில் மஞ்சளித்து, நிறங்களை மறைத்த கதையும் உண்டு.

உடை விஷயத்தில் அஜந்தாவில் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. தம்புள்ளையில் தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும். அரைக்கால் சட்டையில் வருபவர் வாசலில் துணி வாங்கிச் சுற்றிக்கொள்ள நேரும். பனியன் தொழில் ஊரிலிருந்து போகிறவர்கள் கவனிக்கவேண்டிய இன்னொன்று, துணியில் அச்சிட்ட படம். புத்தர் முகம் போட்ட டி-சர்ட் இந்தியக் கடைகளில் சாதாரணச் சரக்கு. இலங்கையில் அதை அணிவது அவமதிப்பாகக் கொள்ளப்படும்; உடம்பில் பச்சை குத்தியிருந்தாலும் அப்படியே. 2014இல் கையில் புத்தர் உருவம் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பயணி ஒருவர் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். மூன்றாண்டு கழித்து அது உரிமை மீறல் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்து இழப்பீடு வழங்கச் சொன்னது. சட்டம் பயணி பக்கம் நின்றாலும், விடுமுறையில் போனவருக்கு அந்த அலைச்சல் வேண்டாத வேலை.

படம் எடுப்பதிலும் இதே கதைதான். ஃபிளாஷ் இரண்டு இடத்திலும் கூடாது. சிலைக்கு முதுகைக் காட்டிச் செல்ஃபி எடுப்பதற்கு அஜந்தாவில் தடையில்லை. தம்புள்ளையில் காவலர் உடனே குரல் கொடுப்பார். சிலையைத் தொடுவதும் அதன் பக்கத்தில் சாய்ந்து நிற்பதும் இன்னும் மோசம். முழுநிலா நாளான போயா தினத்தில் போனால் கோயிலின் வேறொரு முகம் தெரியும். அன்று இலங்கை முழுவதும் அரசு விடுமுறை. வெள்ளை உடுத்த குடும்பங்கள் தாமரை மொட்டோடும் அல்லியோடும் ஏறும். இதழை மடித்து விரித்த பூக்களைச் சிலை முன் மேசையில் அடுக்கும். விபூதி, குங்குமம், சுண்டல் என்று கையில் எதையாவது எதிர்பார்க்கும் தமிழர் வெறுங்கையோடு திரும்புவார். பிக்கு காப்பு வேண்டிப் பிரித் ஓதி மணிக்கட்டில் கட்டிவிடும் வெள்ளை நூல் கிடைத்தால் உண்டு. குரங்குகள் பூவையும் பழத்தையும் பிடுங்கும், பையைக் கண்ணும் கருத்துமாக வைத்துக்கொள்ளவேண்டும்.

இந்தியா என்றாலே காட்சிக்கூடம், இலங்கை என்றாலே கோயில் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. புத்தகயா வழிபாட்டுத் தலம்தான்; இலங்கைப் பௌத்தர்கள் ‘தம்பதிவ’ யாத்திரையாக வருவது அங்கும் சாரநாத், குசிநகரம், நேபாளத்து லும்பினிக்கும்தான். புணே அருகே கார்லாவில் பௌத்தச் சைத்தியத்தின் வாசலை ஒட்டியே ஏக்வீரா அம்மன் கோயில் இருக்கிறது. கோலி மீனவர் குடும்பங்கள் அம்மனைப் பார்க்க ஏறும் கூட்டத்தில், குகைக்கு டிக்கெட் எடுப்பவர் சிலரே. எல்லோராவின் 10ஆம் குகைப் புத்தரைத் தச்சர்கள் விஸ்வகர்மாவாக வணங்கி வந்தார்கள். 1956இல் அம்பேத்கர் நாகபுரியில் பௌத்தம் தழுவியபின், மகாராட்டிரத்துப் புதிய பௌத்தர்களுக்கு இந்தக் குகைகள் தம் முன்னோர் சொத்தாகிவிட்டன. அவர்கள் கை கூப்பியபடி நுழைவதைக் காவலர் தடுப்பதில்லை. பூவும் ஊதுபத்தியும்தான் கூடாது.

வீரபாண்டிக்காரருக்குத் தோதான காலம், பனியன் கம்பெனிகள் மூடிக்கிடக்கும் தீபாவளி அல்லது பொங்கல் விடுமுறை. தீபாவளியில் அஜந்தா நல்லது: மழை ஓய்ந்து மலை பச்சையாக இருக்கும். மும்பை ரயிலில் புணே இறங்கி, பேருந்தில் முன்பு ஔரங்காபாத் எனப்பட்ட நகருக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கிருந்து சுமார் 100 கி.மீ. அஜந்தா திங்கள்கிழமையும் எல்லோரா செவ்வாய்க்கிழமையும் விடுமுறை. இதைப் பாராமல் போய்க் கதவடைப்பில் நிற்பவர்கள் அநேகம். சொந்த வண்டியில் போனாலும் கடைசி நான்கு கி.மீ. அரசுப் பேருந்தில்தான். நடக்க முடியாதவரைத் தூக்கிச் செல்ல டோலிக்காரர்கள் உண்டு. அந்தப் பருவத்தில் தம்புள்ளையில் மழை எதிர்பார்க்கலாம். பொங்கலுக்குப் பின் வானம் மெல்ல வெளுக்கும். திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ விமானம் ஏறிக் கொழும்பு, அங்கிருந்து பேருந்தில் கண்டி வழியாகவோ குருநாகல் வழியாகவோ தம்புள்ளை. மாத்தளைச் சாலையைப் பிடித்தால், பாலி திரிபிடகம் முதன்முதலில் ஏட்டில் எழுதப்பட்ட அலுவிகாரையையும் போகிற வழியில் பார்த்துவிடலாம். தம்புள்ளையில் உள்நாட்டார் வெறுமனே ஏறிச் செல்வார்கள். இந்தியரும் வெளிநாட்டவர் என்பதால் டிக்கெட் எடுக்கவேண்டும். இலங்கையர் அஜந்தாவுக்கு வந்தால், சார்க் நாட்டவர் என்ற முறையில், இந்தியர் கட்டும் கட்டணமே அவருக்கும்.